அலையஞ்சல் நிலையங்களும் தமிழர் கடமையும்

மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் வழிபாடு முடிந்த செய்தியை அறிந்த பின்னரே உணவு கொண்டார் என்றும், அச்செய்தி மதுரையை விரைந்து எட்டுதற் பொருட்டு வழிநெடுக மணிமண்டபங்கள் எடுக்கப்பட்டன என்றும் பாண்டிநாட்டில் ஒரு கேள்விச் செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. திருச்செந்தூர்க்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே கட்டபொம்மன் பொருட்டு இவ்வாறே மணிகள் ஒலித்தன என்பர். செய்தி முழுதும் வரலாறோ, ஒரு பகுதி புனைவோ, அஃது எவ்வாறாயினும் ஆகுக. அதனுள் அடங்கிய நுட்பம் பொய்யன்று. ஒரு மணியோசை கேட்கும் எல்லை சிறிது. அவ்வெல்லையின் விளிம்பில் மற்றொரு மணியை நிறுத்தி, முதல் மணி கேட்டவுடன் அதனை அடித்தால், ஓசையின் எல்லை இரட்டிக்கும். கேட்டதைக் கேட்டவுடன் மீண்டும் ஒலிப்பதே அந்நுட்பம்.

அதே நுட்பத்தை இன்று மின்காந்த அலையிற் செய்யும் நிலையங்கள் உலகெங்கும் மலைமுகடுகளிலும் உயர்ந்த கோபுரங்களிலும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை ‘ரிப்பீட்டர்’ என்பர். வணிக நோக்கமின்றி, தாமே கற்றும் ஆய்ந்தும் ஒருவரோடொருவர் அலைவழிப் பேசியும் வரும் ஆர்வலர்கள் தத்தம் கழகங்களின் வாயிலாக அவற்றை நிறுவிப் பேணுகின்றனர். இவ்வார்வலர் வானொலியைத்தான் ‘அமெச்சூர் வானொலி’ என்றும் ‘ஹாம் ரேடியோ’ என்றும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மொழியுரிமை பேசுவோர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேலை உண்டு, அதுவும் உயிர் காக்கும் வேலை.

பெயர் முதலில்

ஒரு பொருளைத் தமிழன் தன் மொழியாற் பெயரிட்டு அழைக்காத வரையில் அப்பொருள் அவனுக்கு விருந்தாளியே; வீட்டான் ஆகாது. ஆகவே பெயரை முதற்கண் நோக்குக. அஞ்சல் என்னும் சொல் இன்று கடிதத் துறையைக் குறிக்கின்றது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் 1951 வரை தனியே நடந்த அரசுக் கடிதப் போக்குவரத்திற்கு அஞ்சல் என்பதே பெயர். அங்கு ஓட்டக்காரன் ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குக் கடிதப்பை மாறிச் சென்றது. ஈழத்தமிழர் கைமாற்றி ஓடும் ஓட்டப் போட்டியை அஞ்சலோட்டம் என்று இன்றும் வழங்குகின்றனர். வானொலியில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்தல்’ என்று தமிழ் அறிவிப்பாளர்கள் பல்லாண்டு கூறி வந்துள்ளனர். வாங்கி வழங்குதல் என்னும் கருத்து இம்மூன்றிலும் ஊடுருவி நிற்றலைக் காண்க. எனவே அலையை வாங்கி அலையாக வழங்கும் நிலையத்தை அலையஞ்சல் நிலையம் எனல் பொருந்தும். புதுச்சொல் தேடிக் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. வீட்டு முற்றத்திலேயே சொல் கிடக்கின்றது.

நிலையம் இயங்கும் முறை

ஆர்வலர்கள் கையிற் கொண்டு செல்லும் சிறு பேசுகருவி பெரும்பாலும் 144 முதல் 146 மெகா எர்ட்சு வரையுள்ள அலைவெண்களில் இயங்கும். இவ்வலைகள் ஒளியைப் போல ஏறத்தாழ நேர்க்கோட்டிற் செல்வன. நிலத்தின் வளைவு மறித்தால் நிற்கும். மலை மறித்தாலும் நிற்கும். எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அலைவாங்கி நிற்கும் உயரத்தை மீட்டரிற் கொண்டு, அதன் இருமடி மூலத்தை 4.12 ஆற் பெருக்கினால், அதன் தொடுவான எல்லை கிலோ மீட்டரிற் கிடைக்கும். இரு நிலையங்கள் பேச வேண்டுமாயின் இரண்டின் எல்லைகளையும் கூட்டிக் கொள்ள வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்திற் கருவியைப் பிடித்து நிற்கும் ஒருவனது எல்லை ஏறத்தாழ 5 கி.மீ.; அவ்வாறே நிற்கும் இருவர்க்கிடையே, மரமும் கட்டடமும் மறிக்காவிடின், 10 கி.மீ. ஊருக்குள் அதுவும் தேறாது.

இனி 100 மீட்டர் உயரத்தில் ஓர் அலையஞ்சல் நிலையம் இருப்பதாகக் கொள்க. அதன் எல்லை 41 கி.மீ. கையிற் கருவியுள்ளவனது 5 கி.மீ.யையும் கூட்டினால் 46 கி.மீ. நிலையத்திற்கு வடக்கே 46 கி.மீ.யில் இருப்பவன் தெற்கே 46 கி.மீ.யில் இருப்பவனோடு, இருவரும் கையகலக் கருவியோடு நின்றே, பேசலாம். கொடைக்கானல் போலச் சமவெளியினின்று 2000 மீட்டர் உயர்ந்த மலைமுகட்டில் நிறுவினால், எல்லை 180 கி.மீ.யைக் கடக்கும். கொடைக்கானல் வானொலி 100.5 மெகா எர்ட்சில் ஒலிபரப்பும் நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்கள் பலவற்றிற் கேட்பதற்கு அம்மலையின் உயரமே பெருந்துணை. உயரமே இத்தொழிலின் முதல். பணமும் பகட்டும் பின்னரே.

நிலையத்தினுள்ளே ஏற்பியும் பரப்பியும் ஒரே வேளையில் இயங்குகின்றன. மணிமண்டபத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயாம். மணியடிப்பவன் கேட்டு முடித்த பின்னர் அடிப்பான். இந்நிலையமோ கேட்டுக் கொண்டிருக்கும்போதே பேசிக் கொண்டிருக்கும். கேட்கும் அலைவெண்ணிலேயே பேசினால், தன் குரலையே தான் கேட்டுத் தன்னைத் தானே செவிடாக்கிக் கொள்ளும். ஆகலின் இரண்டு அலைவெண்கள் வேண்டப்படுகின்றன. எடுத்துக்காட்டாக 145.1 மெகா எர்ட்சிற் கேட்டு, 145.7 மெகா எர்ட்சிற் பேசும். இடைவெளி 0.6 மெகா எர்ட்சு. இவ்வலை வரிசையில் இவ்விடைவெளியே வழக்கமாகக் கைக்கொள்ளப்படுவது.

இடைவெளி இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. பரப்பி உமிழும் ஆற்றல் 25 வாட்டு என்றால், ஏற்பி கேட்டு உணர வேண்டிய ஆற்றல் ஒரு வாட்டைக் கோடி கோடியாகக் கூறிட்டால் வரும் ஒரு கூற்றினும் சிறிது. அடியார்க்கு முழங்கும் பறையினருகே எறும்பின் அடியோசை கேட்பது போன்றதே இது. இதனை இயல்விப்பன, அரை மீட்டர் உயரமுள்ள குழாய்க் கலங்கள் சிலவற்றை இணைத்து அமைத்த வடிகட்டிகளாம். குழலின் நீளத்திற்கேற்ப அதன் இசை அமைவது போல, ஒவ்வொரு கலமும் தனக்குரிய அலைவெண்ணை விட்டு, வேண்டாததைத் தடுக்கும். இவற்றின் துணையால் ஒரே அலைவாங்கியைக் கொண்டே கேட்டலும் பேசலும் நிகழ்கின்றன.

இன்னும் மூன்று காவல்கள் உண்டு. வெற்றிரைச்சலைக் கேட்டு நிலையம் வீணே விழித்துக் கொள்ளாதபடி, போதிய வலிவுள்ள அலை வந்தால் மட்டும் திறக்கும் அடைப்பு ஒன்று. பேசுவோன் குரலின் அடியில் மனிதச் செவி பெரிதும் உணராத தாழ்ந்த இசை ஒன்றைச் சேர்த்து அனுப்பினால்தான் கதவு திறக்கும் ஏற்பாடு மற்றொன்று. எவரேனும் கருவியின் பொத்தானை அழுத்தியவாறே மறந்துவிட்டால், குறித்த மணித்துளிகளில் நிலையத்தைத் தானே அடக்கிவிடும் கடிகை மூன்றாவது. இவற்றோடு தன் அழைப்புக்குறியை அவ்வப்போது தானே ஒலித்துத் தான் இன்னார்க்குரியது என அறிவிக்கும். பெயர் கூறாமற் பேசும் நிலையம் சட்டத்தின் முன் திருடனே.

ஒழுங்குமுறை

அலைவெண் என்பது கண்மாய் நீர் போன்றது. மேலூர்ப் பக்கத்து உழவர்க்கு முறைநீர்ப் பாசனத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு மடைக்காரன் முறை தவறித் திறந்தால் கடைமடைக்காரனின் பயிர் கருகும். அலைவெளியிலும் அவ்வாறே. ஒருவன் தன் விருப்பம் போலக் கத்தினால் வானூர்தியின் குரலும் கடற்கலத்தின் குரலும் அமுங்கும். ஆகவே ஒழுங்குமுறை வேண்டாம் என்பார் அறியாதார்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31 ஆம் பதிவு அஞ்சல், தொலைவரி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு ஆகியவற்றை முழுதும் நடுவணரசின் கையில் வைத்துள்ளது. மாநில அரசுக்கு இதில் ஒரு விரலிடையும் இல்லை. 1885 ஆம் ஆண்டின் தொலைவரிச் சட்டமும், 1933 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தொலைவரிச் சட்டமும் வெள்ளையர் இயற்றியவை. அவற்றின் கீழ் 1978 இல் ஆர்வலர் பணிக்கான விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விரு சட்டங்களின் இடத்தில் அமையுமாறு 2023 திசம்பரிற் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கூறுகள் 2024 முதற் படிப்படியாக நடப்பிற்கு வரலாயின. உரிமம் வழங்குவது தில்லியிலுள்ள தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்ட, ஒருங்கிணைப்புப் பிரிவு.

பன்னிரண்டு அகவை நிரம்பிய குடிமகன் எவனும் தேர்வெழுதி உரிமம் பெறலாம். மின்னியல், வானொலி நுட்பம், விதிகள் ஆகியன தேர்வின் பகுதிகள். உரிமம் பொது நிலை, வரையறுத்த நிலை என இருவகைப்படும். மேல்நிலையாகிய பொது நிலைக்கு மோர்சுக் குறியீட்டுப் பயிற்சியும் வேண்டும். உரிமம் பெற்றோன் வணிகச் செய்தி பேசலாகாது, இசை ஒலிபரப்பலாகாது, கூலி வாங்கிப் பிறர்க்குத் தூது செல்லலாகாது, மறைமொழியில் உரையாடலாகாது. பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் அழைப்புக்குறியைக் கூற வேண்டும். பேசியவற்றிற்குப் பதிவேடு பேண வேண்டும்.

தம் வீட்டிற் பேச உரிமம் பெற்றவர், அவ்வொன்றைக் கொண்டே மலைமேல் அலையஞ்சல் நிலையம் நிறுவிவிட முடியாது. அதற்குத் தனி இசைவு வேண்டும். அலைவெண் குறித்துத் தரப்பட வேண்டும். தனி அழைப்புக்குறி வேண்டும். அந்நிலையத்தின் வழியே யார் தவறு பேசினும் அதற்கு விடையிறுக்கவும், வேண்டும்போது நிலையத்தை அணைக்கவும் வல்ல பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஆளில்லா மலையில் நிற்கும் கருவிக்கு ஆளொருவன் பொறுப்பேற்கும் இவ்வேற்பாடு முறையானதே. இதிற் குறைகாண ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது.

எங்கே குறை?

அத்தேர்வின் வினாத்தாளில் தமிழுக்கு இடமில்லை. ஒத்தக்கடையிலோ மேலூரிலோ அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயிலும் ஒரு சிறுவன் ஓமின் விதியைத் தமிழில் அறிவான். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றைத் தமிழிற் கணக்கிடுவான். மின்தேக்கி எதற்கு என்று தமிழில் விளக்குவான். பன்னிரண்டு அகவையில் உரிமம் பெறலாம் என்று விதி அவனை அழைக்கின்றது. ஆங்கிலம் தெரியாவிடிற் போ என்று வினாத்தாள் அவனைத் துரத்துகின்றது. இந்தியத் தலைமையமைச்சராயிருந்த இராசீவ் காந்தியே உரிமம் பெற்ற ஆர்வலராயிருந்தார். அவர்க்குத் திறந்த கதவு உழவன் மகனுக்கும் திறக்க வேண்டாவா? அறிவு வேறு, ஆங்கிலம் வேறு. மின்தடையைக் கணக்கிடத் தெரிந்தவனை ஆங்கில இலக்கணத்தால் தடுப்பது கொடுமை.

இத்தனைக்கும், தென்னாட்டில் வானொலிக்கு வித்திட்டவர்கள் அரசினர் அல்லர், ஆர்வலர்களே. சி. வி. கிருட்டிணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே 16 ஆம் நாள் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்றை நிறுவினார். அக்கழகம் அதே ஆண்டு சூலை 31 இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927 இல் அது நின்றது. அதன் கருவிகள் சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டன. மாநகராட்சி 1930 ஏப்பிரல் முதல் நாள் தொட்டு அவற்றைக் கொண்டு ஒலிபரப்பியது. அரசின் சென்னை வானொலி நிலையம் தோன்றியது 1938 இல். எட்டாண்டு முன்னரே மாநகராட்சியும், பதினான்காண்டு முன்னரே ஆர்வலரும் தொடங்கிவிட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னாளில் வானொலி என்னும் அழகிய தமிழ்ச்சொல்லை நீக்கி ஆகாசவாணியைப் புகுத்தும் முயற்சி நடந்ததும், 2023 மே மாதத்திலும் அது மீண்டும் தலைகாட்டியதும், தமிழகம் எதிர்த்ததும் யாவரும் அறிந்தவை. பெயரைக் காக்கப் போராடிய மக்கள், அப்பெயருக்குரிய கலையைக் கற்க முன்வராதது ஏன்? இவ்வினாவைத் தமிழியக்கத்தார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

உயிர் காக்கும் குரல்

கைப்பேசி ஊர்தோறும் இருக்கையில் இஃதெதற்கு என்பார் உளர். 1964 திசம்பர் 22 நள்ளிரவில் தனுக்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் தொடர்வண்டி கடலுள் மூழ்கியது. கம்பித் தொடர்புகள் அறுந்தமையால் அச்செய்தி வெளியுலகை உடனே எட்டவில்லை. அஃது அன்று, இன்று அந்நிலை இல்லை என்பாராயின், 2023 திசம்பரை நினைக்க. அத்திங்கள் 17, 18 ஆம் நாள்களிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. பொருநையாற்றங்கரை ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றது. அதிலிருந்த பயணியர் ஏறத்தாழ 800 பேர் வெள்ளத்திடையே சிக்கினர். கைப்பேசி கையிலிருந்தும் பல ஊர்களிற் பேச்சில்லை. மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். இழைவடம் அறுந்தால் கோபுரம் நின்றும் பயனில்லை.

அலையஞ்சல் நிலையமோ தன்னுள் தானே நிறைவுடையது. அதற்கு வடமும் வேண்டா. நடுவண் இணைப்பகமும் வேண்டா. 100 ஆம்பியர் மணி மின்கலம் ஒன்று அதனை ஒரு நாளுக்குக் குறையாமல் இயக்கும். கதிரவனொளித் தகடு ஒன்று துணையிருந்தால் மழை விட்ட பின் தன்னைத் தானே நிரப்பிக் கொள்ளும். ஒருவர் பேசினால் எல்லையினுள் இருக்கும் எல்லாரும் ஒருங்கே கேட்பர். வெள்ளத்தில் ‘எங்கள் தெருவிற்குப் படகு வேண்டும்’ என்னும் ஒரு குரலை மருத்துவரும், படகோட்டியும், வட்டாட்சியர் அலுவலகத்தாரும் ஒரே நொடியிற் கேட்பது கைப்பேசியால் இயலாதது.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, ஆர்வலர் குழுவொன்று பாரதி பிரசாத்து அம்மையாரின் தலைமையில் அந்தமான் போர்ட் பிளேயரில் அலைக்கருவிகளோடு தங்கியிருந்தது. தொலைபேசித் தொடர்பு முறிந்த அந்நாள்களில் தீவினர் நலச்செய்தியை நிலப்பகுதிக்கு உரைத்த குரல்களுள் அக்குழுவின் குரல் முதன்மையானது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இப்பணியின் அருமையை உணர்ந்து, 2005 மே 5 இல் ஆர்வலர்க்கென்றே ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள ஒரு சிறு செயற்கைக்கோளை விண்ணில் ஏவிற்று. அலையை வாங்கி அலையாக வழங்கும் அக்கோள் விண்ணில் நின்ற அலையஞ்சல் நிலையமே. 2014 சூலை வரை, ஒன்பதாண்டுக்கு மேல், அது பணியாற்றியது.

இங்கு மொழி ஏன் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க. இடர்க்காலத்துச் செய்தியில் ஓரெழுத்துப் பிழை ஓருயிர்ப் பிழையாகும். ஆங்கில எழுத்திற் கூட்டிச் சொன்னால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ர, ற இரண்டும் ஒன்றாகிவிடும். ‘குளம் உடைந்தது’ என்று ஒருவன் அலறினால், ஆங்கில எழுத்தில் அஃது ‘குலம் உடைந்தது’ எனவும் படிக்கப்படும். ஊர்ப்பெயர்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அயல்நாட்டார் ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு சொல்லை வைத்து ஐயமறக் கூட்டுவர். தமிழ்க் குழந்தையோ ‘அம்மா, ஆடு, இலை, ஈ’ என்று அரிச்சுவடியிலேயே அம்முறையைக் கற்றுவிடுகின்றது. ‘பள்ளியில் வரும் ள, பழத்தில் வரும் ழ’ என்று சொன்னால் கடைக்கோடிச் சிற்றூரானும் பிழையின்றி எழுதுவான். பேச்சு முடிவில் ‘ஓவர்’ என்பதினும் ‘இனி நீங்கள்’ என்பது குறையுடையதன்று.

விதிகளும் இதற்குத் தடையாக இல்லை. வெளிப்படையான மொழியிற் பேசுக என்கின்றனவேயன்றி, ஆங்கிலத்திற் பேசுக என்று கூறவில்லை. அழைப்புக்குறி மட்டும் உலக ஒப்பந்தத்தால் இலத்தீன எழுத்தில் அமைந்தது. அதனை அவ்வாறே வழங்குதல் தமிழ்க்கு இழுக்காகாது. உலகோர் அனைவர்க்கும் பொதுவான பெயர்ப்பலகை அது. எஞ்சிய பேச்செல்லாம் தமிழாகலாம்.

ஐயங்களும் விடைகளும்

தென்கோடியில் ஈழக்கடலை அடுத்துள்ள மாவட்டங்களில் அலைக்கருவி என்றவுடனே காவல்துறையின் கண் சிவப்பது இயல்பாகிவிட்டது. ஆனால் தீங்கு செய்வான் தன் பெயரைக் கூறி, திறந்த மொழியில், எல்லாரும் கேட்கப் பேசான். ஆர்வலனோ உரிமத்திற்கு விண்ணப்பிக்கும்போதே அரசின் உசாவலுக்கு உட்பட்டவன், அழைப்புக்குறி கூறிப் பேசுபவன், பதிவேடு வைப்பவன். அலைவெளியில் அவன் கண்ணாடி வீட்டில் வாழ்கின்றான். அவனைப் பெருக்குவது நாட்டின் காவலுக்கு நன்றே.

மற்றோர் ஐயம் ஒத்தக்கடையாரை நேரே தொடுவது. ஊருக்கு அருகே யானைமலை நீண்டு கிடக்கின்றது. அம்மலை மறிப்பதால் இப்பாலுள்ள கைக்கருவியின் குரல் அப்பாற் செல்லாது. ஆகவே மலைமுகட்டிலேயே கோபுரம் நடலாமே என்று விரைவோர் எண்ணுவர். அது கூடாது. தமிழி எழுத்துப் பொறித்த கல்வெட்டும், சமணர் படுக்கைகளும் புடைப்புருவங்களும், கி.பி. 770 இல் பாண்டிய அமைச்சன் மாறன்காரி தொடங்கிய நரசிங்கக் குடைவரையும் தாங்கி நிற்கும் மலை அது. 2010 இல் அம்மலையைச் சிற்ப நகராக்கும் திட்டம் எழுந்தபோது சுற்றுவட்டார மக்கள் எழுந்து நின்று தடுத்தனர். மேலூர் வட்டத்துக் குன்றுகளைக் கல்லுடைப்பார் தின்றதையும், அரிட்டாபட்டியைச் சூழ்ந்த டங்சுடன் சுரங்க ஏலம் மக்கள் போராட்டத்தின் பின் 2025 சனவரியில் நீக்கப்பட்டதையும் இம்மண் மறவாது. பழைய குரலைக் கல்லிற் காத்து வைத்த மலையைத் துளைத்துப் புதிய குரலுக்கு மேடை அமைப்பது அறிவுடைமையன்று.

மலையைத் தொடாமலே வழியுண்டு. சமவெளியில் 30 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று ஏறத்தாழ 27 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தைத் தழுவும். யானைமலைக்கு இருபாலும் அத்தகைய இரு நிலையங்கள் நின்று, ஒன்றோடொன்று இணைந்தால், மதுரையும் மேலூரும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஒரே வலையில் அடங்கும். கல்விக்கூடங்களும் அரசு அலுவலகங்களும் உயர்ந்த கட்டடங்களோடு அப்பகுதியிலேயே உள்ளன. பெரும்பரப்பிற்குக் கொடைக்கானல் போன்ற, முன்னரே ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் மலைகள் உள்ளன. இருக்கும் கோபுரத்தில் ஓரிடம் கேட்பது புதுக்குன்றைக் குடைவதினும் எளிது.

செய்யத்தக்கவை

முதலாவது, ஆர்வலர் தேர்வு தமிழிலும் நடத்தப்பட வேண்டும் எனத் தமிழ்நாட்டரசும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் நடுவணரசை வற்புறுத்த வேண்டும். அலைவெளி அதிகாரம் தில்லியிடம் இருக்கும் வரை, அவ்வதிகாரத்தைத் தமிழிற் பேச வைப்பதேனும் இவர்கள் கடமையாகும்.

இரண்டாவது, ஆர்வலர் வானொலிக்குத் தமிழிற் பாடநூல் ஒன்று வேண்டும். ஏற்பி, பரப்பி, அலைவாங்கி, அலைவெண், அலையஞ்சல் என ஒரு பொருட்கு ஒரு சொல்லாக வரையறுத்து, அரசின் சொற்குவையிற் சேர்த்தல் வேண்டும். ஆளுக்கொரு சொல் ஆக்கிக் கொண்டு, தத்தம் சொல்லே உயர்ந்தது என்று மலைவது தமிழ்ப்பணி ஆகாது.

மூன்றாவது, மாவட்டந்தோறும் பேரிடர் மேலாண்மைக்குரிய அதிகாரிகள் ஆர்வலர் கழகங்களோடு சேர்ந்து, முறையான இசைவு பெற்று, ஓர் அலையஞ்சல் நிலையமேனும் நிறுவ வேண்டும். இவ்வேலை வெள்ளம் வந்த பின் செய்வதன்று. ஆடியிலேயே முடித்து ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டியது.

நான்காவது, பள்ளிதோறும் பத்து மாணவர்களேனும் இக்கலையைப் பயில வேண்டும். உரிமமின்றிக் கருவியை வாங்கிப் பேசும் குறுக்குவழியை எவரும் நாட வேண்டா. அது குற்றமாவதோடு, உண்மையான ஆர்வலர்க்கும் கேடு சூழும்.

தமிழைக் காப்பது மேடையில் முழங்குவோர்க்கும் ஏட்டில் எழுதுவோர்க்கும் மட்டும் உரிய வேலை என்று இருந்த காலம் போதும். சாலிறைத்த தமிழன் மின்னியங்கியைக் கையாண்டபோது அதற்கு ‘மோட்டார்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கருவி முந்தியது, சொல் பிந்தியது. அலைவெளியிலேனும் கருவியோடு சொல்லும், சொல்லோடு தமிழனும் ஒருங்கே நுழைதல் வேண்டும். அடுத்த வெள்ளத்தில் ஒரு தாய் தன் மகவைத் தூக்கிப் பிடித்துக் கூரைமேல் நிற்கையில், அவளுடைய ஊர்ப்பெயரைப் பிழையின்றிக் கேட்டு, பிழையின்றி அடுத்தவர்க்கு அஞ்சல் செய்யும் குரல் தமிழ்க்குரலாக இருத்தல் வேண்டும். அக்குரலுக்கு உரிய இளைஞர் இன்றே பயிலத் தொடங்குக!